தொண்டைமானின் கத்தி அலமாரி

புறநானூற்றின் 95-ஆம் பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அவர் அதைப் புகழ்வதுபோல் இகழ்கிறார்: உன் ஆயுதங்கள் நெய் பூசி, அலங்காரத்தோடு, காவல் போட்ட பெரிய மாளிகையில் இருக்கு, அவனுடையதோ நுனி உடைந்து கொல்லன் வீட்டில் கிடக்குது. வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதி ரெண்டு மார்க் வாங்கியதோடு பாட்டை விட்டுவிட்டோம்.

தகடூர்தான் இன்றைய தருமபுரி. இங்கே உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு அது வீரத்தைப் பற்றிய பாட்டாக மட்டும் தெரியவில்லை. இரும்புச் சாமானை எப்படி மதிப்பிடுவது என்ற விமர்சனமாகவும் தெரிகிறது.

இந்த யோசனை வந்தது பிரெஞ்சு மடக்குக்கத்திகளால். கையால் செய்த மடக்குக்கத்தியைச் சேகரிப்பது, செய்தவரைத் தேடிப்போய்ப் பார்ப்பது என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. அதில் பெரிய பெயர் லாகியோல் (எழுத்துதான் அப்படி, உச்சரிப்பு ‘லயோல்’). பிரான்சின் அவேரோன் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மாடு மேய்ப்பவர்களும் விவசாயிகளும் பையில் வைத்திருந்த கத்தி இது. மாட்டுக்கு வயிறு உப்பினால் குத்திக் காற்றை வெளியேற்ற ஒரு ஊசி, பின்னாளில் ஒயின் புட்டிக்கு ஒரு தக்கைத்திருகி என்று தேவைக்கேற்ப வளர்ந்தது. பிறகு தொழில் பெரும்பாலும் தியேர் நகரத்துக்குப் போய்விட்டது. 1987-இல் லாகியோலில் புதிய தொழிற்கூடம் வந்தது. அதை வடிவமைத்தவர் பிலிப் ஸ்டார்க். கூரையைப் பிளந்துகொண்டு நிற்கிறது ஒரு ராட்சதக் கத்தி அலகு.

மடக்குக்கத்தியின் உயிர் அலகில் இல்லை, முதுகில் இருக்கும் வில்லில் இருக்கிறது. திறந்தால் அசையக் கூடாது. மூடும்போது அலகின் கூர் வில்லில் போய் இடிக்கவும் கூடாது. அந்த வில்லில் அரத்தால் கோலம் போடுவார்கள், தலையில் ஒரு தேனீ செதுக்குவார்கள். நல்ல பட்டறைகளில் ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கத்தியைச் சேர்த்து முடிக்கிறார். நுட்பமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் பல இடங்களில் அலகு என்னவோ தொழிற்சாலை எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்ததுதான். ‘கையால் செய்தது’ என்று நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் பொருத்துவதற்கும் மெருகுக்கும்.

இங்கே அரூர் பக்கம் நான் அடிக்கடி போகிற ஒரு கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அருவாளாக நீட்டுகிறார்கள். துருத்தி போய் மின்விசிறி வந்தாச்சு, அடி அதே அடிதான். கொடுவாள், களைக்கொத்து, கருக்கருவா எல்லாம் எடைக்கும் பேரத்துக்கும் போகும். செய்தவர் பெயர் எதிலும் இல்லை. இதை யாரும் ‘கைவினை’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

அவரிடம் ஒருமுறை, “உங்க தாத்தா அடிச்சது ஏதாச்சும் இருக்காண்ணா?” என்றேன்.

“எப்படி இருக்கும் தம்பி? தேஞ்சிருச்சுன்னா திரும்ப இங்கதான் வரும். அதைப் போட்டுத்தான அடுத்தது அடிப்போம்.”

சேகரிப்பவர்களோடு எனக்குள்ள சண்டை இந்த இடத்தில்தான். பட்டறைக்குப் போய்ச் செய்பவரைப் பார்ப்பது நல்ல வழக்கம்; தொண்டைமான் அதைக்கூடச் செய்ததாகப் பாட்டில் இல்லை. ஆனால் போகிறவர்கள் புதுக் கத்தி எப்படிப் பிறக்கிறது என்று மட்டும் கேட்கிறார்கள். எது உடைந்து திரும்பி வருது, எத்தனை தடவை தோய்ச்சல் போட்டிருக்கு என்று கேட்பதில்லை. பட்டறையின் அறிவில் பாதி அந்தப் பழைய சாமான்களில்தான் இருக்கிறது. எவன் கல்லில் வெட்டினான், எந்த இரும்பு தோய்ச்சலில் விரிசல் விட்டது என்பதெல்லாம் ஆசாரி தேய்ந்த அலகைப் பார்த்தே சொல்வார்.

அலமாரிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் எண்ணெய் பூசி வைக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள்: ஆநிரைக்காகச் செத்தவன் கையில் வாளும் வில்லும் கல்லில் இருக்கு, இரும்பு போயே போச்சு. 2004 வரை இந்த மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரியில் சேர்ந்துவிட்ட மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அரசு அறிவித்தபோது எல்லோரும் ‘4,200 ஆண்டு’ என்று ஸ்டேட்டஸ் வைத்தோம். 60 வருஷத்துக்கு முந்தின ஒரு கருக்கருவாளைக் காட்டச் சொன்னால் நம்மிடம் இல்லை.

அதனால் சேகரிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். லாகியோல் கத்தியை ஒருவர் ஆசையாக வாங்கினால் வாங்கட்டும், அதால் தினமும் தக்காளியாவது நறுக்கட்டும். நம்மூரில் சேர்க்க ஆசைப்படுகிறவர் புதுசை விட்டுவிட்டு, இதற்குமேல் அடிக்க முடியாது என்று ஆசாரி மூலையில் போட்டதை எடைக்குக் கேட்டு வாங்கலாம், யார் காட்டில் எத்தனை வருஷம் அறுத்தது என்ற குறிப்போடு. கேழ்வரகு அறுப்புக்கு முந்தின வாரம் போனால் நல்லது. கருக்கு வெட்ட ஊரிலிருக்கும் அருவாள் எல்லாம் அப்போது அங்கேதான் குவிந்து கிடக்கும்.