விருந்தாளிக்கு ஒரு சிம்: மரக்காணம் கரையும் யாழ்ப்பாணக் கரையும்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பக்கம் போனால் கீழ்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. 2021இல் தமிழக அரசு பெயரை மாற்றும்வரை இவையெல்லாம் அகதிகள் முகாம்கள். இப்படிப்பட்ட முகாம்களில் கல்யாணம், சாவு என்றால் மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கங்களிலிருந்து உறவுகள் வந்து சேர்கின்றன. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு மரக்காணத்தின் பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் அந்நியமாகத் தெரியாது. ஆனால் கையிலிருக்கும் போனுக்கு இது வெளிநாடுதான்.

இங்கிருந்து அங்கே போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். 2024இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கு மேல். அவர்களில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியர். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் பறக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி நின்றுபோன கப்பல், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. போக்குவரத்து திறந்துவிட்டது. இறங்கியதும் போனில் டேட்டாவுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இரண்டு நாடுகளும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

இலங்கை, பயணியைப் பயணியாகவே பார்த்து சிம் கொடுக்கிறது. இந்தியா, இங்கே குடியிருப்பவருக்கென்று வகுத்த முறைக்குள் பயணியையும் நுழைக்கப் பார்க்கிறது. அங்கே வாசல் அகலம். இங்கே வாசல் குறுகல். நுழைந்துவிட்டால் டேட்டா தாராளம். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

அங்கே இறங்கினால்

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் ஆகியவற்றின் கவுண்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் பதிவு முடிகிறது; பணத்தைக் கட்டி, சிம்மைப் போட்டு, இணைப்பு வந்துவிட்டதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு வெளியே வரலாம். உள்ளூரில் யாரைத் தெரியும் என்ற கேள்வி வருவதில்லை. சுற்றுலாப் பயணிக்கென்றே பேச்சும் டேட்டாவும் சேர்ந்த திட்டங்களை வைத்திருக்கிறார்கள். டேட்டா தீர்ந்தால் சந்தியிலுள்ள பெட்டிக்கடையில்கூட ரீலோட் செய்துகொள்ளலாம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தெற்காசியாவிலேயே முதன்முதலில் கைபேசிச் சேவை வந்த நாடு இலங்கை. 1989இல் செல்டெல் அதைத் தொடங்கியது. இந்தியாவில் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்றுதான் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேசியது. சிறிய சந்தை, சுற்றுலாவை நம்பிய பொருளாதாரம். வருகிற ஒவ்வொரு வெளிநாட்டவரும் வாடிக்கையாளர்தான் என்று நிறுவனங்கள் நினைத்ததில் வியப்பில்லை.

இங்கிருந்து போகிறவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சுற்றுலா சிம்மின் ஆயுள். அது சில வாரப் பயணத்தை மனத்தில் வைத்துச் செய்தது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ காணிப் பத்திரம் எடுக்கவோ இரண்டு மூன்று மாதம் தங்கப் போகிறவர், சாதாரண சிம் எடுக்க வழி உண்டா என்று நிறுவனத்தின் கிளையில் கேட்டுவிடுவது நல்லது. இரண்டாவது, இந்திய சிம்மைக் கழற்றி வைக்கக் கூடாது. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் யூபிஐ செல்லுகிறது. லங்கா க்யூஆர் பலகை உள்ள கடைகளில் இந்தியக் கணக்கிலிருந்தே பணம் செலுத்தலாம். அந்தச் செயலியும் இந்திய எண்ணோடு பிணைந்ததுதான். ஆகவே இரண்டு சிம் போடும் போனில் இந்திய எண் செய்திக்கும் இலங்கை எண் டேட்டாவுக்கும் என்று பிரித்துவைப்பதே சரி. இந்திய எண்ணில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். ஆனால் புறப்படுவதற்கு முன்பே ரோமிங் வசதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதைத் திறக்காத எண்ணுக்கு அங்கே குறுஞ்செய்தி வராது. வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை என்றாலும், தன் திட்டத்தில் அப்படித்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே இறங்கினால்

சென்னையில் இறங்கும் யாழ்ப்பாணத்துக்காரரின் கதை வேறு. அவருக்கும் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் சிம் கிடைக்கும், சட்டம் தடுக்கவில்லை. நடைமுறைதான் நீளம். புகைப்படம், விசாவின் நகல், தங்கும் முகவரி ஆகியவற்றோடு, உள்ளூரில் தெரிந்த ஒருவருடைய எண்ணையும் கேட்பது வழக்கம். அந்த இடத்தில்தான் முகாமிலிருக்கும் உறவுக்கு போன் வருகிறது: “அண்ணை, உங்கட நம்பரை ஒருக்காச் சொல்லுங்கோ, கடையில கேக்கினம்.” பதிவு முடிந்தபிறகும் இணைப்பு உயிர் பெற நேரமாகலாம். அந்த எண்ணின் ஆயுளும் விசாவின் காலத்துக்குள் அடங்கியதுதான்.

மரக்காணம் கடைத்தெருவில் சிம் விற்கும் கடைகளுக்கு ஆதார்தான் பழக்கம். விரலை வைத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சிம்முக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபிறகும், ஆதார் இல்லாதவர் என்றால் சின்னக் கடைக்காரர் தயங்குகிறார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யும் முறை அவர் கைக்குப் பழகியதல்ல. வீண் அலைச்சலைத் தவிர்க்க, விமான நிலையத்திலோ நிறுவனத்தின் நேரடிக் கடையிலோ வாங்கிவிட வேண்டும். புதுச்சேரியும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்தான் வருகிறது. அங்கே வாங்கினாலும் வேறுபாடு இல்லை.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதல் விசாரணையில், பொய் ஆவணங்களைக் கொடுத்து வாங்கிய சிம்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அதன்பின் சரிபார்ப்பு விதிகள் படிப்படியாக இறுகின. ஒருவர் பெயரில் ஒன்பது சிம்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பும், தன் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளும் வசதியும் வந்தன. ஓடிபி மோசடிகள் பெருகியிருக்கும் காலத்தில் இந்தக் காவல் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வாசலைத் தாண்டியவருக்குக் கிடைப்பதும் பெரிது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இந்தியாவில் டேட்டா விலை தலைகீழாக மாறியது. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோதும், நாளுக்கு 1.5 ஜிபி வீதம் 28 நாளுக்கு ஜியோவின் விலை 299 ரூபாய். ஒரு மாதம் தங்கி, தினமும் மாலையில் வீட்டாரை வீடியோவில் பார்த்துப் பேச விரும்புகிறவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

நடுவில் இருக்கும் மூன்று வழிகள்

உள்ளூர் சிம்மை விட்டால் ரோமிங் இருக்கிறது. சொந்த நாட்டு நிறுவனத்திடமே நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ பேக் போட்டுக்கொள்வது. சாவு வீட்டுக்கு ஓடிவந்து மூன்றாம் நாள் திரும்புகிறவருக்கு இதுவே போதும். கடை கடையாக அலையும் நிலையில் அவர் இல்லை. எண் மாறாது, ஓடிபி வரும். பேக் போடாமல் டேட்டாவைத் திறந்துவிட்டால் மட்டும் கட்டணம் எகிறும். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இதை அறிவார்கள். தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கடலுக்கு அப்பாலிருக்கும் இலங்கைக் கோபுரத்தை இந்திய போன் பிடித்துக்கொள்வதுண்டு. அந்தக் கரையில் நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது பாதுகாப்பு.

அடுத்தது பயண இ-சிம். வெளிநாட்டுச் செயலியில் வாங்கி, அட்டை எதுவும் இல்லாமல் போனுக்குள் இறக்கிக்கொள்வது. டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரே விடுமுறையில் யாழ்ப்பாணமும் சென்னையும் வந்துபோகும் நம்மவர்கள் இதை விரும்புகிறார்கள். 2022இன் ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் அட்டைக்கான இடமே இல்லை. அவர்களுக்கு இ-சிம்தான் வழி. ஆனால் இதை ஊரிலேயே இறக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். உரிய அனுமதியின்றி இ-சிம் விற்றதாக ஏராலோ, ஹோலாஃப்ளை செயலிகளை 2024 ஜனவரியில் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து எடுக்க வைத்தார்கள். இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டுமே உண்டு, பேசுவதற்கு எண் இல்லை. ஆட்டோக்காரர் கூப்பிட முடியாது. இந்திய எண் கேட்கும் எந்தச் சேவைக்கும் பதிய முடியாது. இணையப் போக்குவரத்து மூன்றாவது நாடொன்றின் வழியாகச் சுற்றிவருவதால் சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கவும் செய்யும்.

மூன்றாவது வழி, உறவினர் வீட்டில் சும்மா கிடக்கும் சிம். அன்பால் கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மனம் வராது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எண்ணால் நடக்கும் எதற்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர், அது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். தன் பெயரிலுள்ள சிம்மைப் பிறரிடம் கொடுக்காதீர்கள் என்று தொலைத்தொடர்புத் துறையும் எச்சரிக்கிறது. முகாமில் வாழ்பவருக்கு ஒரு விசாரணை என்பது சின்ன விஷயமல்ல. சிம்மைக் கொடுப்பதைவிட ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுங்கள். விருந்தாளி வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அது போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இரு கரைக்கும் சேர்த்து இப்படிச் சொல்லலாம். இலங்கைக்குப் போகிறவர், ஒரு வாரமோ ஒரு மாதமோ, விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கட்டும். வேறு வழி தேட வேண்டிய தேவையே இல்லை. இந்தியாவுக்கு வருகிறவர் நாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நாலைந்து நாள் என்றால் ரோமிங் பேக். பத்து நாள்வரை, டேட்டா மட்டும் போதுமென்றால், முன்கூட்டியே இறக்கிய இ-சிம். அதற்கு மேல் என்றால் பொறுமையோடு சொந்தப் பெயரில் இந்திய சிம்.

இந்த ஒப்பீட்டில் பயணி கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இந்தியா மட்டும்தான் என்பது எனக்கு வருத்தம். இந்தியாவுக்கு வழி தெரியாமல் இல்லை. 2017 பிப்ரவரியில் இ-விசாவில் வரும் பயணிகளுக்கு டெல்லி விமான நிலையத்தில் பிஎஸ்என்எல் சிம்மை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 50 ரூபாய் பேச்சும் 50 எம்பி டேட்டாவும் அதில் இருந்தன. அந்த எண்ணம் வேரூன்றவில்லை. இ-விசாவில் வருகிறவர் குடியேற்றக் கவுண்டரில் விரல்ரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அவர் யார் என்று அரசுக்கு அப்போதே தெரியும். அதே அடையாளத்தை வைத்து அடுத்த கவுண்டரில் ஒரு சிம் கொடுத்தால் காவலும் குறையாது, இன்னொருவரின் எண்ணைப் பிணையாகக் கேட்கவும் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஓடுவது ஒரு சிறு கடல். யூபிஐக்காக இரு நாட்டு வங்கி அமைப்புகளையும் இணைக்க முடிந்தவர்களால், ரோமிங் கட்டணத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைக்க முடியும். டெல்லியும் கொழும்பும் அடுத்த முறை பேச உட்காரும்போது இது பட்டியலில் இருக்க வேண்டும். கடலுக்கு இரு பக்கமும் பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்கு போன் இணைப்பு பயண வசதி மட்டுமல்ல. குடும்பம் குடும்பமாக இருப்பதற்கு வேண்டிய அடிப்படைத் தேவை.