துணியை நிறுக்கும் கலை

தாடையைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சையில் எவ்வளவு இரத்தம் போயிற்று என்று கணிப்பது, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், சூட்சுமம் மிகுந்த வித்தையாகும். உமிழ்நீரும், எலும்பை அறுக்கையில் அது சூடேறாதிருக்க வார்க்கும் உப்புநீரும் இரத்தத்தோடு கலந்து உறிஞ்சுபுட்டியைச் செக்கச்செவேலென்று நிரப்பிவிடுவதால், கண்ணை மட்டும் நம்பியவர் ஏமாந்தே போவார். ஆகையால், நனைந்த காஸ் துணிகளை, அவை உலர்வதற்குள் தராசிலிட்டு, உலர்ந்தபோதிருந்த எடையை நீக்கி, மிகுந்த ஒவ்வொரு கிராமையும் ஏறத்தாழ 1 மில்லிலிட்டராகக் கொண்டு புட்டியின் அளவோடு கூட்டி, வார்த்த நீரையெல்லாம் கழித்து எழுதிக்கொள்ளும் தாதியின் சிரத்தை (சத்திரவைத்தியரின் கைலாகவத்தைவிடவும்!) எனக்குப் பேரழகாகப் படுகிறது. இரத்தம் உள்ளே இறங்காதபடி தொண்டையில் அடைத்துவைத்த துணிச்சுருளையும் அவள் விடுவதில்லை. மேல்தாடையை அறுக்கும் நாளில் அதுவே கணிசமாகக் கனக்கக்கூடும்.