கரும்பில் ஓடும் கொம்ப்ரெஸர்

சூப்பர்சார்ஜர் வைத்த காரை மும்பை வெயிலில் பெட்ரோல் ஊற்றி ஓட்டுவது அந்த இன்ஜினுக்குச் செய்யும் அநியாயம். என் மெர்சிடிஸ் சி 200 கொம்ப்ரெஸரை முழு எத்தனாலுக்கு மாற்றிய நாளிலிருந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அதையே சொல்லப் போகிறேன், கொஞ்சம் விரிவாக.

வண்டி பழசு. 2000-களில் புனேயில் அசெம்பிள் செய்து விற்ற சி கிளாஸ் தலைமுறை. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், 163 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிய எண் இல்லை. ஆனால் இன்ஜினுக்குப் பக்கத்தில் பெல்ட்டில் சுழலும் ஈட்டன் சூப்பர்சார்ஜர் இருக்கிறதே, அதற்காகவே வாங்கினேன். டர்போ என்றால் புகை வேகமெடுத்து அதன் சக்கரத்தைச் சுழற்றும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குக் காத்திருப்பே கிடையாது. கிராங்க் சுற்றினால் இதுவும் சுற்றும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் காற்றை உள்ளே திணிக்கும். அப்போது எழும் மெல்லிய சீழ்க்கைச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

சிக்கலெல்லாம் சூட்டில்தான். காற்றை அமுக்கினால் அது சூடாகும். அதிலும் இந்த ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் மற்ற வகைகளைவிட அதிகமாகவே சூடாக்கும். மே மாதம் செம்பூரில் வெளிக்காற்றே 35 டிகிரியைத் தொடுகிறது. அதை அமுக்கிச் சுட வைத்து சிலிண்டருக்குள் அனுப்பினால், ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேருமுன்பே கலவையின் ஏதோ ஒரு மூலை தானாகவே வெடிக்கப் பார்க்கும். அதுதான் நாக்கிங். கம்ப்யூட்டர் அதைக் கேட்ட உடனே இன்ஜினைக் காப்பாற்ற ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும், வேகம் போய்விடும். விடியற்காலையில் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் பறக்கிற வண்டி, மத்தியானம் சயான் சர்க்கிளில் அரைமணி நேரம் நின்று வந்தபின் வேறு வண்டிபோல மந்தமாகிவிடும். கொம்ப்ரெஸர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

எத்தனால் இந்த நோய்க்கென்றே செய்த மருந்து. இங்கே பங்க்கில் முன்பு கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 91, 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய இ20-க்கு 95. எத்தனாலுக்கு 108-க்குக் குறையாது. அதைவிடப் பெரிய விஷயம் குளிர்ச்சி. எத்தனால் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் உறிஞ்சுவதைப்போல ஒரு கிலோ எத்தனால் இரண்டு மடங்குக்கும் மேல் உறிஞ்சும். அதே அளவு காற்றோடு கலக்க எத்தனால் கூடுதலாகவும் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், ஒரு பங்கு எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிலிண்டருக்குள் போகும் ஒரே அளவு காற்றை எத்தனால் பெட்ரோலைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு குளிர்விக்கிறது. சூட்டால் அவதிப்படும் இன்ஜினுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உலகத்தில் வேகத்தைப் பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் வைத்த எக்ஸிஜ் காரை 2006-லேயே 85 சதவீதம் எத்தனால் கொண்ட இ85-க்கு மாற்றி 265இ என்று காட்டியது. அது 264 குதிரைத்திறன் தந்தது. மறுவருடம் சுவீடனின் கோனிக்செக். பெட்ரோலில் 806 குதிரைத்திறன் தந்த அவர்களுடைய இரட்டை சூப்பர்சார்ஜர் வி8, எத்தனால் குடிக்கும் சிசிஎக்ஸ்ஆர் ஆனபோது 1018-ஐத் தொட்டது. 2023-இல் அமெரிக்காவின் டாட்ஜ், சேலஞ்சர் டீமன் 170-ஐ 1025 குதிரைத்திறனோடு ஷோரூமுக்கே அனுப்பியது. அந்த எண்ணும் இ85 ஊற்றினால்தான். நம் பக்கத்தில் ஓசூர் டிவிஎஸ் 2019-லேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்டிஆர் 200-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது இன்னும் நிறையப் பேசப்பட்டிருக்க வேண்டிய வண்டி.

சரி, வேலைக்கு வருவோம். செம்பூரில் ஒரு தமிழ்ப் பையன் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில்தான் வண்டியைத் திறந்தோம். அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் மாஹுல் ரிஃபைனரியின் சிம்னிகள் தெரியும். 1950-களிலிருந்து நாட்டுக்குப் பெட்ரோல் வடித்துக் கொடுக்கும் பகுதி அது. அந்த நிழலிலேயே ஒரு வண்டியைப் பெட்ரோலிலிருந்து விடுவித்தோம் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

முதல் வேலை எரிபொருள் போகும் பாதை. எத்தனால் சாதாரண ரப்பரை அரிக்கும், துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் விடாது. போதாக்குறைக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஹோஸெல்லாம் உள்ளே டெஃப்ளான் பூசிய, மேலே ஸ்டீல் பின்னிய வகை. ஓ-ரிங்கெல்லாம் வைட்டான். குர்லா சிஎஸ்டி ரோட்டில் எந்த வண்டிக்கும் எந்தப் பழைய பாகமும் கிடைக்கும், எனக்கு அந்தக் கடைகள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எரிபொருள் சம்பந்தப்பட்ட ஒன்றைக்கூடப் பழையதாக வாங்கக் கூடாது. பம்ப் பெரியதாக மாறியது. இன்ஜெக்டர் பழையதைவிட ஒன்றரை மடங்கு ஊற்றுகிற அளவில் போட்டோம்.

பிறகு புல்லி. இங்கேதான் தாராவி வருகிறது. எத்தனால் தரும் தைரியத்தில் சூப்பர்சார்ஜரைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் சுற்ற விடலாம். அதற்கு அதன் புல்லி சிறியதாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான். ஆனால் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் கடைசல் பட்டறை இருக்கும்போது எதற்கு? வரைபடத்தைக் கொடுத்தேன். ஓரமாக வைத்துவிட்டார்.

“பெல்ட்டக் கொண்டாங்க தம்பி. படத்தப் பாத்து நான் கடைய மாட்டேன். பெல்ட்டு எதுல ஓடப்போவுதோ அத அதுகிட்டத்தான் கேக்கணும்.”

அந்த பெல்ட்டில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். அது மயிரிழை பிசகினாலும் பெல்ட் ஓரம் தேயும், சத்தம் போடும், கடைசியில் அறுந்து விழும். அண்ணாச்சி டூலை பெல்ட்டின் பல்லுக்கு ஏற்ற கோணத்தில் சாணை பிடித்தார். ஒரு பள்ளம் கடைவார், லேத்தை நிறுத்துவார், பெல்ட் துண்டை வைத்து விரலால் அழுத்திப் பின்னால் பல்பு வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார், மறுபடி கடைவார். கடைசியாகப் பெல்ட்டை முழுசாக வைத்து அழுத்தியபோது எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கீற்று வெளிச்சம் வரவில்லை. “ஓடும்” என்றார். இன்றுவரை ஓடுகிறது, சத்தமே இல்லாமல். தாராவி என்றதும் தோலையும் பானையையும் மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பட்டறைகளுக்குள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

எத்தனால் எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 2021 ஜூன் 5 அன்று புனேயில் மூன்று பங்க்குகளில் இ100 முன்னோட்டமாக வந்தது. 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் அதை ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளுக்குக் கொண்டுபோனது. மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் அந்த ஐந்தில் அடக்கம். பெயர்தான் எத்தனால் 100. உள்ளே 93 சதவீதத்துக்குச் சற்று மேல் எத்தனால், ஐந்து சதவீதம் பெட்ரோல், மிச்சம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வேறொரு ஆல்கஹால். அந்த ஐந்து சதவீதப் பெட்ரோல் காலையில் ஸ்டார்ட் ஆக உதவுகிறது. பிரேசிலின் பழைய எத்தனால் கார்களில் குளிருக்காகத் தனியே ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் வைத்திருப்பார்கள். மும்பைக்கு அது வேண்டாம், இங்கே குளிர் எங்கே இருக்கிறது!

வண்டியை ஃப்ளாட்பெட்டில் ஏற்றிப் புனே பக்கம் கொண்டுபோய் டேங்க்கை நிரப்பினோம். எரிபொருள் குழாயில் மாட்டியிருக்கும் சென்சார் ஒரு அருமையான சாமான். உள்ளே ஓடுவதில் எத்தனால் எவ்வளவு என்று ஹெர்ட்ஸில் சொல்லும்: சுத்தப் பெட்ரோல் என்றால் 50, சுத்த எத்தனால் என்றால் 150. பழைய இ20 மிச்சம் இருந்ததால் லேப்டாப்பில் 70 என்று நின்றது. இன்ஜின் ஓட ஓட எண் நகர ஆரம்பித்தது. 85, 100, 120... ஒர்க்‌ஷாப் பையன் வாய் திறக்கவில்லை, நானும்தான். 140-க்கு வந்து நின்றபோது ஐட்லிங்கில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏற்ற அளவு எரிபொருளை ஊற்றி, ஸ்பார்க்கை முன்னால் நகர்த்திக்கொண்டே வந்திருந்தது. சைலன்சர் பக்கம் போய் நின்றேன். பெட்ரோல் நெடி போய், கொஞ்சம் புளித்த இனிப்பு வாசனை.

தளேகாவ் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஓட்டியதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதவில்லை. முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது, முன்பு லேசாகத் தயங்கும் இடத்தில் இப்போது தயக்கம் இல்லை. மிதித்தால் போகிறது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அது இல்லை. உச்சி வெயில், சுற்றுக்குமேல் சுற்று, டயர் சோர்ந்துபோனது, எனக்கு வேர்த்துக் கொட்டியது, இன்ஜின் மட்டும் முதல் சுற்றில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நாக் சென்சார் ஒரு தடவைகூட ஸ்பார்க்கைப் பின்னால் இழுக்கவில்லை. “சார், இன்னும் அட்வான்ஸ் தாங்கும், கொடுக்கட்டுமா?” என்று பையன் கேட்டான். இந்தக் கேள்வியைப் பெட்ரோலில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மைலேஜ் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆயிலையும் சீக்கிரம் சீக்கிரமாக மாற்ற வேண்டும். 2025-இல் இ20-க்கு எதிராக ஊரெல்லாம் கோபப்பட்டபோது நான் வருந்தியது வேறு காரணத்துக்கு. எத்தனாலுக்கென்று தயார் செய்யாத இன்ஜினில் எத்தனாலை ஊற்றினால் அதன் பலவீனம் மட்டுமே தெரியும், பலம் தெரியாது. அமுக்கம் கூட்டி, ஸ்பார்க்கை முன்தள்ளி, பூஸ்ட் கொடுத்த இன்ஜினில் ஊற்றிப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

எத்தனால் தரும் கரும்புக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கிறவர்களின் கேள்வி நியாயமானது. மராத்வாடாவின் வறட்சியைப் பார்த்தவர்கள் அதைத் தள்ளிவிட முடியாது. அதற்கான பதிலில் ஒரு பகுதி மாட்டுங்காவிலேயே இருக்கிறது என்பது எனக்குப் பெருமை. தினமும் நாம் கடந்துபோகும் ஐசிடி என்ற வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், பழைய யுடிசிடி, அங்கேதான் வைக்கோல், சக்கை போன்ற வேளாண் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். அதைக் கொண்டு உத்தராகண்டின் காசிப்பூரில் நாளொன்றுக்குப் பத்து டன் கழிவைக் கையாளும் மாதிரி ஆலை 2016 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாமா என்று தோன்றும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வண்டி இப்போது டிராக்கில் மட்டும்தான் ஓடுகிறது, ஃப்ளாட்பெட்டில்தான் பயணம். ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றிச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்காது. சிஎன்ஜி கிட்டுக்குச் சோதனை செய்து சான்று தந்து, ஆர்சியில் ஏற்றுகிற முறை பல வருடமாக இருக்கிறது. எத்தனால் கிட்டுக்கும் அப்படியொரு நேர்வழி வேண்டும். சோதனை செய்யும் ஏஆர்ஏஐ புனேயில்தான் இருக்கிறது. கொம்ப்ரெஸரோ டர்போவோ, பூஸ்ட் உள்ள வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.