பந்து வருவதற்கு முந்தைய நொடி

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்தது. இவ்வளவு சாதித்த அணியை நம்மில் பெரும்பாலோர் பார்த்தது கோப்பையோடு வரிசையாக நின்ற படத்தில்தான். அந்தப் படத்தில் ஆட்டம் இல்லை. அதனால்தான் பயிற்சியில் பாஸ் வாங்கும் வீராங்கனையைப் படமெடுக்கும் வழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். மண் தரையில் எகிறி வரும் பந்தை உள்பாதத்தால் அடக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், மறுகால் ஊன்றும், கைகள் விரிந்து சமநிலை தேடும். இவள் எத்தனை காலம் உழைத்திருக்கிறாள் என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

வேலூர் வெயிலில் இதை எடுப்பது எளிதல்ல. காலை எட்டு மணி தாண்டினால் வெளிச்சம் கடுமையாகி, கண்குழியில் நிழல் விழுந்து முகபாவம் தெரியாமல் போகும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இல்லையென்றால் பாதமும் பந்தும் கலங்கிவிடும்.

இத்தனை பாடுபட்டும் இவ்வகைப் படங்களில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பந்து காலைத் தொடும் நொடிக்கே எல்லோரும் பொத்தானை அழுத்துகிறார்கள். நல்ல ஆட்டக்காரியின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பந்து வந்துகொண்டிருக்கும்போதே தோளுக்கு மேல் திரும்பி, எதிராளி எங்கே, இடம் எங்கே என்று பார்த்துவிடுகிறாள். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் நடுக்கள ஆட்டக்காரர்களிடம் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இந்தத் தலைத்திருப்பலைத்தான். பயிற்சியாளர்கள் “திரும்பிப் பாரும்மா” என்று தொண்டை வறளக் கத்துவதும் இதற்காகத்தான். பந்து சட்டகத்துக்குள் இல்லாத அந்த நொடியின் படத்தைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை. கண் கூர்மை பதிவாகாமல் கால் மட்டும் பதிவாகிறது.

பார்வை பிசகும் இடம் இன்னொன்று உண்டு. தரையோடு குனிந்து எடுத்தால் ஆட்டக்காரி ஓங்கித் தெரிவாள். அதே கோணம் உடலை மட்டும் வெட்டியெடுக்கவும் வசதி. ஆட்டத்தை விட்டு உடலைப் பார்க்கும் பழக்கம் மேலிடத்திலும் உண்டு. 2004-இல் ஃபிஃபா தலைவராக இருந்த செப் பிளாட்டரே பெண்கள் இறுக்கமான கால்சட்டை அணிந்து ஆடலாம் என்று பேசியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களைக் காட்டுவதுபோலவே பெண்களையும் காட்டுங்கள் என்று ஒளிப்பதிவாளர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. உடையும் இப்படிப் பார்வையை இழுத்துவிடும். ஹிஜாப் அணிந்து ஆட 2014-இல் ஃபிஃபா முறைப்படி அனுமதி தந்தது. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் ஒரு பெண் அப்படி ஆட வந்தால் கேமரா அவள் துணியிலேயே நின்றுவிடக்கூடும். அவளும் பாஸ் வாங்கத்தான் வந்திருக்கிறாள்.

தோல் பட்டறைகளையும் ஷூ கம்பெனிகளையும் நம்பி வாழும் ஊர்கள் இவை. ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்களின் கூலியில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிகிறது. அப்படிப்பட்ட வீட்டு மகளின் படம் கேட்காமல் கொள்ளாமல் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், “பொண்ணு டவுசர் போட்டு ஆடுதா?” என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் அவள் மைதானத்துக்கு வரமாட்டாள். எடுத்தவருக்கு விருப்பக்குறி கிடைக்கும். அவளுக்கு ஆட்டம் போய்விடும். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதற்குப் பயந்து கேமராவை மூடிவைப்பதும் சரியல்ல. படமில்லாத அணிக்கு ஆதரவாளர் கிடைப்பது அரிது. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கப் போகும் பெண்ணுக்குச் சான்றிதழோடு தன் ஆட்டத்தைக் காட்டும் நாலு படம் இருந்தால் பேச ஒரு துணிவு வரும். “ஊன்றுகால் பந்துக்கு ரொம்பத் தள்ளி இருக்கு பார்” என்று பயிற்சியாளர் விரல் வைத்துக் காட்டவும் படம் வேண்டும்.

ஆகவே மைதானத்துக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்த படங்களை முதலில் ஆட்டக்காரியிடம் காட்டுங்கள். எதை வெளியிடலாம் என்று அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேளுங்கள். அவள் திரும்பிப் பார்க்கும் படம் ஒன்றையாவது அதில் சேர்த்துவிடுங்கள்.