யார் பாவசங்கீர்த்தனம் பண்ணுவது?

பாமாவின் ‘கருக்கு’ (1992) மடத்தை விட்டு வந்தவரின் மனக்கசப்பு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

எங்கப்பா குடிகாரர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, விழுந்து எழுந்து, கடைசியில் குடியை விட்டார். விசுவாசம்தான் விட வைத்தது. அதை நான் மறுக்கலை. ஆனா, ‘சாதி பார்த்தேன் சாமி’ன்னு எங்க பங்கில் ஒருத்தரும் அழுததாகக் கேள்விப்பட்டதில்லை. அப்பாவைப் புதைத்த அன்றும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் நின்றது.

சேரிக்காரன் குடிச்சா பாவம்; ஊர்க்காரன் சாதி பார்த்தா வழக்கம். இந்தக் கணக்கைத்தான் பாமா புரட்டிப் போடுகிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைக் கண்டவர் அவர். இயேசுவை உதறவில்லை, இயேசுவை வைத்தே சபையைக் கேட்கிறார். இது கசப்பில்லை, சபை சொல்ல மறுத்த பாவசங்கீர்த்தனம்.

அப்பா திருந்திட்டார். இனி திருந்த வேண்டியது சபை.