களனிக் கரையில் க்வாய்ப் பாலம்

அவிசாவளையிலிருந்து அட்டனை நோக்கி மலையேறும் சாலையில், களனி கங்கையின் கரையோரமாக அமைந்த சிற்றூர் கித்துல்கல. கேகாலை மாவட்டத்தின் இறப்பர் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. திரைப்பட வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. டேவிட் லீன் நெறிப்படுத்தி 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘க்வாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்கான பாலம் இங்கேதான் கட்டப்பட்டது. இங்கேதான் வெடி வைத்துத் தகர்க்கவும்பட்டது. ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்தின் நினைவாக, ஆற்றங்கரையில் எஞ்சியுள்ள பாலத்தின் அடித்தளங்களைக் காண உல்லாசப் பயணிகள் இன்றும் வருகின்றனர்.

அலெக் கின்னஸின் நடிப்புத் திறனையும் லீனின் காட்சியமைப்பையும் போற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆயினும் தமிழ் வாசகன் அப்படத்திடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வியொன்று உண்டு. தொழில் தேடி எந்த நாட்டுக்குக் கப்பலேறுவது என்று ஒரு காலத்தில் முடிவு செய்த தமிழ்த் தொழிலாளி இப்படத்தில் எங்கே போனான்? இது வலிந்து எழுப்பும் கேள்வியன்று. படம் சித்திரிப்பதாகச் சொல்லும் வரலாற்றிலிருந்தே இது பிறக்கிறது.

கதை யாவரும் அறிந்ததே. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயப் படைத் தலைவர் நிக்கல்சன், அதிகாரிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்தலாகாது என்னும் ஜெனீவா உடன்படிக்கையைக் கையில் ஏந்தி முகாம் தலைவன் சைட்டோவை எதிர்த்து நிற்கிறார். அடியும் தனிச்சிறையும் அவரை அசைக்கவில்லை. இறுதியில் வென்ற பின், அதே மனிதர் தம் படையினரின் ஒழுங்கைக் காப்பதற்காக எதிரிக்கு ஒரு சிறந்த பாலத்தைக் கட்டித்தர முனைகிறார். யாருக்காக உழைக்கிறோம் என்பதை மறந்து உழைப்பின் நேர்த்தியில் மட்டும் பெருமிதம் கொள்பவன் எங்கே போய் நிற்பான் என்பதைப் படம் கூர்மையாக உணர்த்துகிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. யுத்தத்தின் பைத்தியக்காரத்தனத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய படங்கள் அக்காலத்தில் மிகுதியாக இல்லை.

ஆனால் ஒரு கட்டத்தைக் கவனியுங்கள். குறித்த நாளுக்குள் வேலையை முடிக்க ஆட்கள் போதவில்லை. நிக்கல்சன் தம் அதிகாரிகளையே வேலைக்கு அழைக்கிறார். மருத்துவக் கொட்டிலுக்குச் சென்று நோயாளிகளையும் எழுப்பி வருகிறார். படத்தில் ஆள் பற்றாக்குறை இவ்வாறு தீர்கிறது. வரலாற்றில் அது வேறு விதமாகத் தீர்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942ஆம் ஆண்டிலிருந்து 1943 அக்டோபர் வரை அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு ஆள் போதாதபோது, ஜப்பானியர் மலாயாவின் இறப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்தனர். முதலில் நல்ல கூலியும் சாப்பாடும் உண்டென்றும், சில மாதங்களில் திரும்பி விடலாமென்றும் ஆசை காட்டினர். அது பலிக்காதபோது வளைத்துப் பிடித்தனர். இலவசத் திரைப்படம் என்று அழைத்து, கொட்டகைக் கதவுகளை அடைத்து, வந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய செய்தியும் பிழைத்து வந்தோரின் நினைவுகளில் இடம்பெறுகிறது.

அப்பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ 1,80,000க்குக் குறையாதவர்கள். அவர்களுள் மாண்டவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பர்மியரும் சாவகரும் மலாய்க்காரரும் சீனரும் அவர்களிடையே இருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்றவர்களில் தமிழரே மிகுதி. போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர். சிறைப்பட்ட மருத்துவர்கள் இருந்தனர். ஒருவரையொருவர் தாங்கும் கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாம்களில் இவற்றுள் ஒன்றும் இல்லை. காலராவும் மலேரியாவும் வந்தபோது லயம் லயமாக மடிந்தனர். நிக்கல்சனின் கையில் ஜெனீவா உடன்படிக்கை என்னும் தாள் இருந்தது. இவர்களின் கையில் காட்டுவதற்கு எந்தத் தாளும் இல்லை. படத்தின் முற்பாதி முழுவதும் அந்த ஒரு தாளைப் பற்றியது. தாள் இல்லாதவர்களைப் பற்றி அதில் ஒரு காட்சியும் இல்லை.

இனி, இவர்கள் மலாயாவுக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தனர் என்று பார்ப்போம். திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களின் நிலமற்ற உழவனுக்கு ‘வெளிநாடு’ என்றால் சில பெயர்களே தெரியும்: கண்டிச் சீமை, பினாங்கு, ரங்கூன். கண்டிச் சீமை அருகில். மண்டபம் முகாமைக் கடந்தால் ஒரு நாளைக் கடற்பயணமும் இல்லை. பினாங்குக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாட்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். ஆனால் மலாயாவில் 1907ஆம் ஆண்டு ஏற்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துக் கப்பற் செலவை ஏற்றது. இலங்கையிலோ நெடுங்காலம் பயணச் செலவு தொழிலாளியின் தலையிலே கடனாக ஏறிற்று. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்குத் தொழிலாளியை விடுவிப்பதாக அச்சீட்டுக் கூறும். அதாவது மனிதன் கடனோடு கைமாறுவான். 1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது.

அருகிலிருக்கும் கடனா, தொலைவிலிருக்கும் கடல்கடந்த காடா? இதுதான் அவன் முன்னிருந்த தேர்வு. உண்மையில் அத்தேர்வைக்கூட அவன் செய்ததாகச் சொல்வதற்கில்லை. ஊருக்கு எந்தக் கங்காணி முதலில் வந்தான், யார் முன்பணம் கொடுத்தான் என்பதே நாட்டைத் தீர்மானித்தது. ஒரே தெருவில் பிறந்த இருவரில் ஒருவன் கேகாலையில் இறப்பர்ப் பால் வெட்டினான். மற்றவன் பேராக்கில் பால் வெட்டினான். செய்த வேலை ஒன்று, மரமும் ஒன்று. 1942இல் ஒருவனுக்கு வாய்த்தது பஞ்சப்படியான வாழ்வு; மற்றவனுக்கு வாய்த்தது சயாமின் காடு.

இப்பின்னணியில் படைப்பாளிகளை நோக்குவது பயன் தரும். படத்துக்கு மூலமான 1952ஆம் ஆண்டு நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், 1930களின் பிற்பகுதியில் மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். அவரும் தொழில் தேடி அந்நிய நாடொன்றைத் தேர்ந்தவரே. ஆனால் அவருக்கு ஒப்பந்தம் இருந்தது. திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. மலாயாத் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர் தமிழ்த் தொழிலாளியைக் காணாதிருந்திருக்க முடியாது. கண்டவர், பாலத்தைப் பற்றி எழுதியபோது கதையை ஆங்கிலேயருக்கும் ஜப்பானியருக்கும் இடையே நிறுத்திக்கொண்டார்.

திரைக்கதை ஆசிரியர்களின் நிலை இன்னும் சிந்தனைக்குரியது. எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். அமெரிக்காவின் கம்யூனிச எதிர்ப்பு வேட்டையில் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டு, சொந்த நாட்டில் எழுதிப் பிழைக்க வழியின்றி, ஃபோர்மன் இங்கிலாந்துக்கும் வில்சன் பிரான்சுக்கும் குடிபெயர்ந்தனர். படத்தில் அவர்கள் பெயர் போடப்படவில்லை. திரைக்கதை விருது ஆங்கிலத்தில் எழுதாத பூலின் பெயருக்குப் போயிற்று. 1984இல்தான் அத்தவறு திருத்தப்பட்டது. வில்சன் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். இதே வில்சன்தான் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அவர்தம் மனைவியரின் கண்கொண்டு காட்டிய ‘பூமியின் உப்பு’ என்னும் 1954ஆம் ஆண்டுப் படத்தை எழுதியவர். தொழிலாளியை அறியாத பேனாவென்று அதனைத் தள்ளிவிட முடியாது. தம் பெயரே அழிக்கப்பட்ட எழுத்தாளர் எழுதிய கதையிலிருந்து, பாதை அமைத்தவர்களுள் பெரும்பகுதியினர் அழிந்துபோயினர். பெருமுதலின் திரைக்கலை யாரை மறைக்க வேண்டும் என்பதைத் தனி மனிதரின் நல்லெண்ணத்திடம் விட்டுவைப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கித்துல்கலவுக்குத் திரும்புவோம். 1956–57இல் ஆற்றங்கரையில் பாலம் எழுந்தபோது, சுற்றியிருந்த தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை அவ்வாறு ஆக்கியிருந்தது. சயாமின் கதைக்கு ஏற்ற காட்டைத் தேடி வந்த படக்குழுவுக்கு எதிரே, சயாமில் மடிந்தவர்களின் உறவினர் என்று சொல்லத்தக்க மக்கள் பால் வாளியுடன் நடமாடிக்கொண்டிருந்தனர். படக்கருவி அவர்களைத் தேடிப் போகவில்லை.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. எந்த நாடு என்று விண்ணப்பத் தாளில் எழுதச் சொன்னார்கள். தொகையை முன்னரே முடிவு செய்துவிட்டார்கள். இந்த இடத்தில் இடதுசாரிகளாகிய நாமும் தலைகுனிந்தே பேசவேண்டும். 1948இல் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964இல் ஒப்பந்தம் செய்த அரசில் அங்கம் வகித்தது. யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினரான என். எம். பெரேரா அப்போது நிதியமைச்சர். இந்தியா சென்றவர்களில் ஒரு பகுதியினர் கன்னியாகுமரியின் அரசு இறப்பர் தோட்டங்களில் மீண்டும் பால் வெட்டப் போயினர். எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முடிவுக்கு வந்தது.

திரை மறைத்ததைத் தமிழ் எழுத்து மறக்கவில்லை என்பது ஆறுதல். மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அம்மக்களை மீட்டெடுத்தன. இலங்கைத் தோட்டத்துக்குப் போன வாழ்வைப் புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் எழுதினார், கோகிலம் சுப்பையா தம் நாவலுக்கு ‘தூரத்துப் பச்சை’ என்று பெயரிட்டதிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. இவை புறப்பாட்டையும் கதையின் பகுதியாகக் கொண்டவை. உழைப்பாளி வேலைத் தலத்தில் வானத்திலிருந்து குதிப்பதில்லை. யாரோ அழைத்தார்கள், யாரோ பணம் கட்டினார்கள், யாரோ தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதனைச் சொல்லாத கலை, எவ்வளவு அழகாயிருப்பினும், உழைப்பைப் பற்றிப் பாதிப் பொய் சொல்கிறது.

இது பழைய படமொன்றைப் பற்றிய பழைய வழக்கன்று. நாட்கூலி ஆயிரம் ரூபா என்பது 2021இல்தான் சட்டமாகிய நாட்டில், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின், சப்ரகமுவத் தோட்டத்து இளைஞரும் பெண்களும் மீண்டும் அதே கேள்வியைக் கேட்கின்றனர்: குவைத்தா, சவூதியா, துபாயா, கத்தாரா? பெயர்கள் மாறின, கங்காணியின் இடத்தில் முகவர் அமர்ந்தார். வளைகுடாவின் வீட்டு வேலைக்குப் போகும் பெண், தன்னை அழைத்த முதலாளியின் பொறுப்பிலேயே அந்நாட்டில் தங்கியிருக்கிறாள். அவன் இசைவின்றி வேலை மாறுவது கடினம். கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. துண்டுச் சீட்டின் இலக்கணம் இதிலே முற்றாக மறைந்துவிடவில்லை.

ஆகவே, ‘எந்த நாட்டில் சம்பளம் அதிகம்?’ என்று கேட்டு வரும் மாணவனுக்கு ஆசிரியர் விடை சொல்வதற்கு முன், வேறு சில கேள்விகளை அவன் கையில் கொடுப்பது நல்லது. பயணச் செலவு யாருடையது? ஒப்பந்தம் எந்த மொழியில் எழுதப்பட்டது, அதன் படி உன்னிடம் இருக்குமா? வேலையை விட்டால் உன் சொந்த விருப்பில் ஊர் திரும்ப முடியுமா? அங்கே சங்கம் சேர உரிமை உண்டா? இந்நான்குக்கும் விடை கிடைத்த பிறகு சம்பளத்தை ஒப்பிடலாம்.

கித்துல்கலப் பாலத்தைப் பார்க்க மாணவரை அழைத்துச் செல்லும் பள்ளிகள் படத்தையும் திரையிடட்டும். திரையிட்ட பின், பாலத்தைக் கட்ட ஆட்கள் போதாமற்போகும் அந்தக் காட்சியில் நிறுத்தி, வரலாற்றில் யாரைக் கொண்டு வந்தார்கள் என்று வகுப்பில் கேட்கட்டும். அதற்கான விடையை அம்மாணவர் பலரின் பாட்டன்மார் கப்பலேறிய கதையிலிருந்தே தொடங்கலாம்.