சுவருக்குப் பதில் நாற்காலி

வில்லியனூர் மாதா கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். 1877-இல் பிரான்சிலிருந்து லூர்து மாதா சுரூபம் வந்திறங்கிய ஊர். மெழுகுவத்தி ஏற்றுகிற பலரின் நெற்றியில் விபூதி இருக்கும். 'நீ யாரு, எந்தத் தெரு?' என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

புயல் அடித்தாலும் கேட்பதில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' வந்தது. 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்'. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. இந்த மாதிரி நேரங்களில்தான் கிறிஸ்துவ அன்பு பற்றி நிறையப் பேசுவார்கள். பேசட்டும். சோற்றுப் பொட்டலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பசித்தவனுக்கு அதுதான் வேதம்.

ஆனால் ஒன்று. இடுப்பளவு தண்ணீரில் நல்லவனாக இருப்பது கொஞ்சம் சுலபம் சார். தண்ணீர் வடிந்து, அவரவர் தெரு மறுபடி தெரிய ஆரம்பித்த பிறகு?

இந்தக் கேள்வியோடு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். பின்னாளில் கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக ஆனவர். சரக்கு விலை, கப்பல் வரவு, ஊர் வம்பு எல்லாவற்றையும் எழுதிவைத்தவர். 1745 அக்டோபரில் சம்பா கோயில் சேதி ஒன்றை எழுதுகிறார். கோயிலுக்குள்ளேயே வடபக்கம் ஒரு சுவர். இந்தப்புறம் வெள்ளைக்காரர்களும் சாதிக் கிறிஸ்துவர்களும்; அந்தப்புறம் சேரி ஜனங்கள். ஒரே பூசை, ஒரே சாமியார், நடுவில் சுவர்!

காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைப் பார்த்துவிட்டுச் சேரி ஜனங்களைத் தூண்டிவிட்டார். அவர்கள் திரண்டுபோய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, ஆண்டவரே பேதம் வைக்கவில்லையே என்று. சாமியாரால் பதில் சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சாதிக் கிறிஸ்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். கோயிலுக்கே வரமாட்டோம் என்றார்கள். கடைசியில் ஒரு சமரசம். சுவர் இருந்த இடத்தில் வரிசையாக நாற்காலி போட்டார்கள்.

சுவரையாவது இடிக்கலாம். நாற்காலியை என்ன செய்வது? அது உட்காரத்தானே போட்டிருக்கு என்பார்கள்.

ஆனந்தரங்கர் யார் பக்கமும் நின்று வாதாடவில்லை. ஊரில் நடந்த ஒரு சமாசாரம், அவ்வளவுதான் அவருக்கு. அதில் எனக்குக் கோபம் உண்டு; நன்றியும் உண்டு. சேரி ஜனங்கள் கேட்ட கேள்வி அவர் எழுதியதால்தானே நம் கைக்கு வந்தது. அதே வருஷம் அன்றைய துபாஷ் கனகராய முதலியார் உழவர்கரையில் கோயில் கட்டி ஊருக்கே விருந்து வைத்ததையும் எழுதுகிறார். எல்லாச் சாதிக்கும் அழைப்பு. சமையலும் பந்தியும் மட்டும் அவரவர் சாதிக்கு ஏற்றபடி!

பழங்கதை என்று புத்தகத்தை மூடாதீர்கள். வில்லியனூரும் பாகூரும் இருக்கிற அதே புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்தில்தான் எறையூரும் இருக்கிறது. அங்கே தலித் கிறிஸ்துவர்கள் கேட்டது சம மரியாதை. அது கிடைக்காதபோது, தங்களுக்கென்று தனிப் பங்கு. சவ ஊர்வலம் எந்த வழியாகப் போவது என்பதுகூட அங்கே வழக்கு. 2008 மார்ச் 9-இல் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில், தாக்க வந்த தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவர், அடிபட்டவர், செத்தவர் எல்லாரும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். அது தவக்காலம் வேறு.

அன்றைக்குப் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. பொட்டலம் கட்டித் தீர்க்கிற பிரச்னையும் இல்லை.

2016-இல் இந்திய ஆயர்கள் தலித் மக்களுக்கென ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டார்கள். நல்லது. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர். அதுவும் நல்லது. அதே 2022-இல் புதுச்சேரி-கடலூருக்குப் புதிய பேராயர் நியமனம் வந்தது. இந்த முறையும் எங்களில் ஒருவர் இல்லையா என்று கேட்டு தலித் கிறிஸ்துவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள்.